காத்திருப்புச் சர்வரிலிருந்து பழைய முதன்மைச் சேமிப்பகத்துக்குத் திரும்புவது எப்படி? (இசட்எஃப்எஸ், ஆறு நாள் இடைவெளி)

வரைபடக்கிடங்கு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பொறியியல் வரைபடங்களைச் சேமித்து வைக்கும் இரண்டு சர்வர்களை நான் பராமரித்து வருகிறேன். இரண்டிலும் இசட்எஃப்எஸ் கோப்பமைப்பு இயங்குகிறது. முதன்மைச் சர்வரில் எட்டு வட்டுகள் ரெய்டு-இசட்2 முறையில் (இரண்டு வட்டுகள் பழுதானாலும் தரவு தப்பும்) இணைக்கப்பட்டுள்ளன. காத்திருப்புச் சர்வரில் நான்கு பெரிய வட்டுகள் ரெய்டு-இசட்1 முறையில் உள்ளன. பதினைந்து நிமிடங்களுக்கு ஒருமுறை முதன்மையில் ஸ்னாப்ஷாட் (அந்த நொடியில் தரவு இருந்த நிலையின் பதிவு) எடுக்கப்பட்டு, அதற்கு முந்தைய ஸ்னாப்ஷாட்டுக்குப் பின் மாறிய பகுதி மட்டும் காத்திருப்புக்கு அனுப்பப்படும். மொத்தத் தரவு சுமார் 11 டெராபைட்.

ஆறு நாட்களுக்கு முன் பிற்பகல் 2.41 மணிக்கு முதன்மையின் வட்டுக் கண்ட்ரோலர் கார்டு செயலிழந்தது. எட்டு வட்டுகளும் ஒரே நொடியில் காணாமற்போயின. அரை மணி நேரம் முயன்று பார்த்துவிட்டு, காத்திருப்புச் சர்வரை எழுதக்கூடிய நிலைக்கு மாற்றி, சேவை முகவரியையும் அதற்கு மாற்றிக் கொடுத்தேன். அன்றிலிருந்து அனைவரும் அதில்தான் வேலை செய்கிறார்கள். ஆறு நாட்களில் ஏறத்தாழ 340 ஜிகாபைட் புதிய மாற்றங்கள் சேர்ந்துள்ளன.

நேற்று புதிய கார்டு வந்து, அதைப் பொருத்திவிட்டேன். வட்டுகளில் பழுது இருப்பதாகத் தெரியவில்லை. இயந்திரத்தை இன்னும் இயக்கவில்லை. முன்பிருந்த அமைப்பை அப்படியே மீட்டெடுக்க வேண்டும். அதாவது பழைய முதன்மையே மறுபடியும் முதன்மையாகவும், காத்திருப்பு மறுபடியும் காத்திருப்பாகவும் இருக்க வேண்டும். முழுத் தரவையும் திரும்ப அனுப்பினால் ஒரு ஜிகாபிட் இணைப்பில் நொடிக்கு 110 மெகாபைட் என்று கொண்டாலும் 28 மணி நேரம் ஆகும். ஆறு நாள் மாற்றங்களை மட்டும் அனுப்ப முடிந்தால் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் என்று கணக்கிடுகிறேன். அது சாத்தியமா? சாத்தியமென்றால் எந்த வரிசையில் செய்ய வேண்டும்?

மற்றொரு கவலையும் உண்டு. கடைசி ஸ்னாப்ஷாட் 2.30 மணிக்கு எடுக்கப்பட்டது. அதன் பின் 2.41 வரை பழைய சர்வரில் எழுதப்பட்டவை காத்திருப்புக்கு வரவேயில்லை. அந்தப் பதினொரு நிமிட வேலையை மீட்க வழி இருக்கிறதா?

வட்டுக்காவலன் மறுமொழி:

வணக்கம் நண்பரே. இயந்திரத்தை இயக்குவதற்கு முன்பே கேட்டீர்கள் என்பது எனக்குப் பெரும் ஆறுதல். இப்போது உங்களுக்கு உள்ள மிகப் பெரிய ஆபத்து, இயந்திரத்தை இயக்கும் அந்த மின்விசைப் பொத்தானில்தான் இருக்கிறது.

காரணத்தைச் சொல்கிறேன். தான் ஆறு நாட்கள் இறந்து கிடந்தது பழைய முதன்மைக்குத் தெரியாது. இயங்கத் தொடங்கியதும் அது பூலை (எட்டு வட்டுகளும் சேர்ந்த சேமிப்புத் தொகுப்பை) இணைத்துக்கொள்ளும், கோப்புகளைப் பகிரத் தொடங்கும், அடுத்த கால் மணியில் புதிய ஸ்னாப்ஷாட் எடுத்து வழக்கம்போல் காத்திருப்புக்கு அனுப்ப முயலும். உங்கள் ஸ்கிரிப்ட் முழுப் படிநிலையையும் அனுப்பும் பெரிய ஆர் குறியையும், பெறும் பக்கத்தில் கட்டாயப்படுத்தும் பெரிய எஃப் குறியையும் பயன்படுத்துகிறதா என்று பாருங்கள். பலரும் அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த இரண்டும் சேர்ந்தால், அனுப்பும் பக்கத்தில் இல்லாத ஸ்னாப்ஷாட்டுகளைப் பெறும் பக்கம் அழித்துவிட்டு, இரண்டுக்கும் பொதுவான பழைய நிலைக்குத் திரும்பிவிடும். அதாவது ஆறு நாள் வேலை முழுவதும், ஒரு எச்சரிக்கையும் இல்லாமல், சில நொடிகளில் போய்விடும். அந்த ஸ்கிரிப்ட் தன் கடமையைத்தான் செய்திருக்கும். திசை மாறிவிட்டது என்பதை அதற்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஆகவே முதலில் காத்திருப்புச் சர்வரில் இரண்டு காரியங்களைச் செய்யுங்கள். பழைய முதன்மை நெட்வொர்க் வழியாக உள்ளே நுழையப் பயன்படுத்தும் எஸ்எஸ்ஹெச் அனுமதிச் சாவியை நீக்குங்கள். பிறகு, இரு சர்வர்களுக்கும் பொதுவான கடைசி ஸ்னாப்ஷாட்டின் மீது ‘ஹோல்ட்’ வையுங்கள். பழைய ஸ்னாப்ஷாட்டுகளைக் கழித்துக் கட்டும் ஸ்கிரிப்ட் ஏழு நாள் கெடு வைத்திருந்தால், நாளை அதுவே உங்கள் பொதுப் புள்ளியை அழித்துவிடும். ஹோல்ட் வைத்த ஸ்னாப்ஷாட்டை, அதை விடுவிக்காமல் யாராலும் அழிக்க முடியாது. அந்தப் பொதுப் புள்ளி இருக்கும் வரை 340 ஜிகாபைட் மட்டும் அனுப்பினால் போதும். அது போய்விட்டால் 11 டெராபைட்டும் அனுப்பியாக வேண்டும். அனுப்பும் பக்கத்திலாவது ஒரு புக்மார்க்கை (ஸ்னாப்ஷாட்டின் இடத்தை மட்டும் குறிக்கும் அடையாளத்தை) வைத்துச் சமாளிக்கலாம், ஆனால் பெறும் பக்கத்தில் ஸ்னாப்ஷாட்டே இருந்தாக வேண்டும்.

பிறகு பழைய முதன்மையின் நெட்வொர்க் கேபிளைக் கழற்றுங்கள். தரவு வட்டுகளின் கேபிள்களையும் கார்டிலிருந்து கழற்றிவிட்டு, இயங்குதளத்தை மட்டும் இயக்குங்கள். கிரான் பணிகள் (குறித்த நேரத்தில் தானாக ஓடுபவை), பகிர்வுச் சேவைகள், பூலைத் தானாக இணைக்கும் சேவை ஆகிய எல்லாவற்றையும் முடக்கிவிட்டு அணையுங்கள். அதன் பிறகே வட்டுகளைப் பொருத்தி மறுபடி இயக்குங்கள். வட்டுகளின் வரிசை மாறிவிட்டதே என்று அஞ்ச வேண்டாம். ஒவ்வொரு வட்டிலும் உள்ள லேபிளைப் படித்து இசட்எஃப்எஸ் தானே அடையாளம் கண்டுகொள்ளும்.

பூலை முதல்முறை படிக்க மட்டும் என்ற நிலையில், எதையும் மவுண்ட் செய்யாமல் (கோப்புகளைத் திறந்து பயன்படுத்தும் நிலைக்குக் கொண்டுவராமல்) இணையுங்கள். பூலின் நிலையைப் பாருங்கள். ஸ்னாப்ஷாட் பட்டியலை எடுங்கள், அதிலும் ஒவ்வொன்றின் ஜியுஐடி எனும் தனி அடையாள எண்ணையும் சேர்த்து எடுங்கள். பெயரை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். ஒரே பெயரில் இரண்டு பக்கமும் தனித்தனியாக எடுக்கப்பட்ட ஸ்னாப்ஷாட்டுகள் இருக்க முடியும். ஆனால் அனுப்பிப் பெறப்பட்ட ஸ்னாப்ஷாட்டுக்கு மட்டுமே இரு பக்கமும் ஒரே ஜியுஐடி இருக்கும். எண் பொருந்துகிற கடைசி ஸ்னாப்ஷாட் எதுவோ அதுவே உங்கள் பொதுப் புள்ளி. 2.30 என்று நீங்கள் எழுதியிருப்பதை நான் இன்னும் நம்பவில்லை. பாதியில் நின்ற பரிமாற்றம் பெறும் பக்கத்தில் ஸ்னாப்ஷாட்டாகத் தெரியாது.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு விடை: ஆம், மீட்கலாம். ஆனால் திசையைத் திருப்புவதற்கு முன்பே மீட்டாக வேண்டும். பழைய முதன்மையைப் பொதுப் புள்ளிக்குப் பின்னோக்கி எடுத்துச் செல்லும் ‘ரோல்பேக்’ கட்டளைதான் இந்த முழு வேலையிலும் திரும்பப் பெற முடியாத ஒரே படி. அதைக் கொடுத்த கணத்தில் அந்தக் கடைசி நிமிடங்கள் இல்லாமற்போகும்.

எனவே இப்படிச் செய்யுங்கள். பூலை விடுவித்து, எழுதக்கூடிய நிலையில், ஆனால் மவுண்ட் செய்யாமல் மறுபடி இணையுங்கள். டேட்டாசெட்டின் (பூலுக்குள் உள்ள கோப்புத் தொகுதியின்) படிக்க மட்டும் என்ற பண்பை இயக்கிவிட்டு, அதை ஒருமுறை மவுண்ட் செய்யுங்கள். இந்த மவுண்ட் அவசியம். செயலிழந்த நொடியில் உடனே எழுதும்படி கேட்கப்பட்டவை நோக்கப் பதிவில், அதாவது ஜில் எனப்படும் பகுதியில், காத்திருக்கக்கூடும். பூலே படிக்க மட்டும் என்று இருந்தால் அந்தப் பதிவு செயல்படுத்தப்படாது. எழுதக்கூடிய பூலில் மவுண்ட் செய்யும்போதுதான் அது கோப்பமைப்புக்குள் வந்து சேரும். அது முடிந்ததும் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து அதற்கும் ஹோல்ட் வையுங்கள். பிறகு பொதுப் புள்ளிக்கும் இதற்கும் இடையே ‘டிஃப்’ கட்டளையை ஓட்டினால், சேர்ந்தவை, நீக்கப்பட்டவை, மாறியவை, பெயர் மாறியவை என ஒவ்வொரு கோப்பும் ஒரு வரியாக வரும். அந்தக் கோப்புகளை வேறொரு வட்டுக்குப் பிரதி எடுத்து, உரியவர்கள் கையில் கொடுத்த பிறகே ரோல்பேக்கைப் பற்றி யோசியுங்கள்.

நகல்நாடி மறுமொழி:

வட்டுக்காவலன் சொன்ன எல்லாவற்றையும் ஏற்கிறேன். ஆனால் அடிப்படையான ஒரு கேள்வியை முன்வைக்க விரும்புகிறேன்: திரும்பித்தான் ஆக வேண்டுமா? ஆறு நாட்களாகக் காத்திருப்புச் சர்வர் சுமையைத் தாங்கியிருக்கிறது. பழைய முதன்மையை இனிக் காத்திருப்பாக வைத்துக்கொண்டால் ஒரு சேவை நிறுத்தமும், ஒரு முகவரி மாற்றமும், அவற்றோடு வரும் தவறுகளும் மிச்சமாகும். இரண்டும் சம வலிமை கொண்டவையாக இருந்தால் நான் திரும்பவே மாட்டேன். பெயர்ப் பலகையை மட்டும் மாற்றிக்கொள்வேன்.

வரைபடக்கிடங்கு மறுமொழி:

இருவருக்கும் மிக்க நன்றி. ஸ்கிரிப்ட்டைத் திறந்து பார்த்தேன். வட்டுக்காவலன் சொன்ன இரண்டு குறிகளும் அப்படியே இருந்தன. நேற்று இரவு கார்டைப் பொருத்தியதும் இயக்கிப் பார்த்துவிடலாம் என்று கை மின்விசை வரை போனது உண்மை. சாவியை உடனே நீக்கிவிட்டேன், ஹோல்டும் வைத்துவிட்டேன்.

நகல்நாடியின் கேள்வி நியாயமானது. ஆனால் இங்கே இரண்டும் சமமல்ல. காத்திருப்பில் நினைவகம் பாதிதான். அதைவிட முக்கியமாக, ரெய்டு-இசட்1 ஒரே ஒரு வட்டின் இழப்பை மட்டுமே தாங்கும். நான்கும் பெரிய வட்டுகள். ஒன்று போனால் மாற்று வட்டில் தரவை மறுபடி கட்டியெழுப்ப நெடுநேரம் ஆகும், அந்த நேரத்தில் இன்னொன்றும் பழுதானால் எல்லாம் முடிந்துவிடும். காலையில் பெரிய வரைபடத் தொகுப்புகளைத் திறக்கும்போது மந்தமாக இருப்பதாகப் பயனர்களும் சொல்கிறார்கள். ஆகவே திரும்புவது அவசியம் என்றே கருதுகிறேன்.

நகல்நாடி மறுமொழி:

அப்படியானால் திரும்புங்கள். ஆனால் ‘பழைய அமைப்பை மீட்டெடுப்பது’ என்று ஒரே சொற்றொடரில் நீங்கள் எழுதியதற்குள் இரண்டு தனித்தனிக் காரியங்கள் இருக்கின்றன. இன்றைய நிலையில் உங்கள் தரவுக்கு இரண்டாவது பிரதியே இல்லை. இதுதான் அவசரம். யார் முதன்மை, யார் காத்திருப்பு என்பது அவசரமே அல்ல. முதல் காரியத்தை இன்றே முடியுங்கள். இரண்டாவதை ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள்.

அதாவது, கடைசி நிமிடக் கோப்புகளைப் பத்திரப்படுத்தியதும், பழைய முதன்மையைப் பொதுப் புள்ளிக்குப் பின்னெடுத்து, இப்போது சேவையில் உள்ள சர்வரிலிருந்து மாற்றங்களைப் பெறச் செய்யுங்கள். பெறும்போது மவுண்ட் செய்யாதே என்ற குறியைக் கொடுங்கள். இணைப்பு இடையில் அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதியையும் இயக்கி வையுங்கள். 340 ஜிகாபைட்டில் 300 போன பிறகு முதலிலிருந்து தொடங்குவது மனதை ஒடித்துவிடும். அது முடிந்த பின், பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை எதிர்த்திசையில் அனுப்பும் பணியை ஓடவிடுங்கள். அந்த நொடியில் உங்களுக்கு மறுபடியும் இரண்டு பிரதிகள் கிடைத்துவிடும். பயனர்களுக்கு எதுவும் நடந்ததாகவே தெரியாது.

அந்த ஒரு வாரத்தில் பழைய முதன்மையில் ஒரு முழு ஸ்கிரப் ஓட்டுங்கள். ஒவ்வொரு தொகுதியையும் படித்து அதன் சரிபார்ப்புத் தொகையோடு ஒப்பிடும் வேலை அது; செயலிழக்கும் முன் தடுமாறிய கார்டு எதையாவது தவறாக எழுதியிருந்தால் அதில் வெளிப்படும். புதிய கார்டுக்கும், அதன் கேபிள்களுக்கும் அதைவிட நல்ல சோதனை கிடையாது. நேற்றுப் பொருத்திய கார்டை நம்பி இன்றே எல்லோரையும் அதன்மேல் ஏற்றுவது, முதல் விபத்தின் காயம் ஆறும் முன் இரண்டாவதை அழைப்பதாகும்.

நள்ளிரவுப்பணி மறுமொழி:

தாமதமாக வருகிறேன்; மேலே சொல்லப்படாத இரண்டு செய்திகளை மட்டும் சேர்க்கிறேன்.

முதலாவது, அந்தச் சேமிப்பகத்தில் தரவுத்தளம் ஏதேனும் இருந்தால் அதைச் சாதாரணக் கோப்பு போல் நடத்த வேண்டாம். டிஃப் கட்டளை மாறியதாகக் காட்டும் தரவுத்தளக் கோப்பு ஒன்றை எடுத்துப் புதிய நிலையோடு சேர்க்க முயன்றால் தரவுத்தளம் முழுவதும் குலையும். பழைய நிலையைத் தனி இயந்திரத்தில் எழுப்பி, விடுபட்ட வரிசைகளை அதிலிருந்து வினவி எடுக்க வேண்டும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் தன் சொந்தப் பிரதியெடுப்பு முறையில் இயங்கினால், காத்திருப்பு பதவியேற்ற கணத்தில் புதிய காலவரிசை எண் தொடங்கிவிடும். பழைய முதன்மையை அதன் பின்னால் நிறுத்த 2016 ஜனவரியில் வெளிவந்த 9.5 பதிப்பு முதல் பிஜி_ரீவைண்ட் கருவி இருக்கிறது. ஆனால் தரவுச் சரிபார்ப்புத் தொகையோ, வால் எனப்படும் முன்னெழுத்துப் பதிவேட்டில் குறிப்புகளைப் பதியும் அமைப்போ முன்கூட்டியே இயக்கப்பட்டிருக்க வேண்டும். விபத்துக்குப் பின் அதை இயக்கிப் பயனில்லை.

இரு பக்கமும் தனித்தனியாக எழுதப்பட்டுவிட்டால் எவ்வளவு பொறுமை வேண்டும் என்பதற்கு, நிரல்களைச் சேமிக்கும் தளமான கிட்ஹப் 2018 அக்டோபர் 21 அன்று கண்ட இடர் ஒரு பாடம். நெட்வொர்க் இணைப்பு அறுந்தது 43 நொடிகள் மட்டுமே. அதற்குள் தரவுத்தளத்தின் முதன்மைப் பொறுப்பு அமெரிக்காவின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு மாறிவிட்டது. இரு பக்கத்திலும் மற்றதில் இல்லாத பதிவுகள் சேர்ந்துவிட்டன. சேவை முழுமையாகச் சீரடைய 24 மணி நேரமும் 11 நிமிடமும் ஆயின. விரைவாகத் திரும்புவதைவிடத் தரவு பிசகாமல் இருப்பதே முக்கியம் என்று அவர்கள் தெரிந்தே எடுத்த முடிவு அது. உங்களிடம் அந்த அளவு நெருக்கடி இல்லை. அவசரப்படாமல் செய்ய முடிகிற நிலையில் இருக்கிறீர்கள்.

இரண்டாவது செய்தி காப்புப்பிரதி. காத்திருப்புச் சர்வர் காப்புப்பிரதி ஆகாது. முதன்மையில் ஒருவர் தவறுதலாக ஒரு கோப்புறையை அழித்தால், கால் மணியில் காத்திருப்பிலும் அது அழிந்துவிடும்; ஸ்னாப்ஷாட் இருக்கும் வரை மட்டுமே மீட்கலாம். உங்களிடம் தனியாக ஒரு காப்புப்பிரதி ஓடுகிறது என்று நம்புகிறேன். அது எந்த இயந்திரத்திலிருந்து ஓடுகிறது? பெரும்பாலும் முதன்மையில்தான் அமைத்திருப்பார்கள். அப்படியானால் கடந்த ஆறு நாட்களாக அது ஓடியே இருக்காது. வேறு எதற்கும் முன்பு இதைப் பாருங்கள்.

வரைபடக்கிடங்கு மறுமொழி:

நள்ளிரவுப்பணி சொன்னது அப்படியே நடந்திருந்தது. ரெஸ்டிக் எனும் காப்புப்பிரதி மென்பொருள் மூலம் வெளியே ஒரு களஞ்சியத்துக்கு இரவுதோறும் போகும் காப்புப்பிரதி, முதன்மையின் கிரானில்தான் இருந்தது. கடைசிப் பிரதிக்கு ஏழு நாள் வயது. அதைப் படித்தபோது வயிற்றில் ஏதோ செய்தது. உடனே காத்திருப்புச் சர்வரிலிருந்து ஓட்டினேன். சர்வரின் பெயர் வேறு என்பதால் முன்னைய பிரதியை ஒப்பிடும் அடிப்படையாக எடுத்துக்கொள்ளாமல் 11 டெராபைட்டையும் படித்துத் தீர்த்தது. ஆயினும் களஞ்சியத்தில் ஏற்கெனவே உள்ள துண்டுகளை மறுபடி ஏற்றவில்லை. தரவுத்தளம் எதுவும் அதில் இல்லை. எல்லாம் வரைபடக் கோப்புகளே.

இப்போது பழைய முதன்மை. கேபிள்களைக் கழற்றி, பணிகளை முடக்கி, சொன்ன வரிசையிலேயே இணைத்தேன். ஜியுஐடி எண்களை இரண்டு பட்டியலாக எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், 2.30 ஸ்னாப்ஷாட் பழைய முதன்மையில் மட்டும் இருக்கிறது. காத்திருப்பில் கடைசியாக இருப்பது 2.15தான். கார்டு அப்போதே தடுமாறத் தொடங்கி, 2.30 பரிமாற்றம் முடிவடையாமல் நின்றிருக்கிறது. பதினொரு நிமிடம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த இடைவெளி உண்மையில் இருபத்தாறு நிமிடம்.

படிக்க மட்டும் என்ற பண்போடு மவுண்ட் செய்து, ஸ்னாப்ஷாட் எடுத்து, டிஃப் ஓட்டினேன். 58 வரிகள் வந்தன. அவற்றில் பெரும்பாலானவை வரைபட மென்பொருள் திறக்கும்போது உருவாக்கும் பூட்டுக் கோப்புகளும் தற்காலிகக் கோப்புகளுமே. மெய்யான வரைபடங்கள் ஒன்பது. ஐந்தை வரைந்தவர்கள் அன்று மாலையே நினைவிலிருந்து மறுபடி வரைந்துவிட்டார்கள். இரண்டு தேவையற்றவை. மீதமுள்ள இரண்டில் ஒன்று, ஒரு குழாய் இணைப்பின் அளவுத் திருத்தம். காத்திருப்பில் உள்ள கோப்பில் பழைய அளவே இருக்கிறது. திருத்தியவர் தன் திருத்தம் பதிவாகிவிட்டது என்றே நினைத்துக்கொண்டு ஆறு நாட்களாக வேறு வேலையில் இருக்கிறார். அந்த வரைபடம் இன்னும் இரண்டு நாளில் பட்டறைக்குப் போக வேண்டியது. அவரை அழைத்து அந்தக் கோப்பின் இரண்டு வடிவங்களையும் திரையில் காட்டினேன், கண்ணெதிரே சரிசெய்தார்.

ஒன்பதையும் வேறொரு வட்டில் பிரதி எடுத்த பின் ரோல்பேக் கொடுத்தேன். முதலில் மறுத்துவிட்டது. நானே வைத்த ஹோல்ட் தடுத்தது. அந்தத் தடை எனக்குப் பிடித்திருந்தது. பட்டியலை இன்னொருமுறை சரிபார்த்துவிட்டு ஹோல்டை விடுவித்தேன். மாற்றங்கள் 55 நிமிடத்தில் வந்து சேர்ந்தன. இப்போது எதிர்த்திசையில் கால் மணிக்கு ஒருமுறை போய்க்கொண்டிருக்கிறது, ஸ்கிரப் ஓடுகிறது.

ஸ்கிரப் பிழையின்றி முடிந்தால் வார இறுதியில் பொறுப்பை மாற்ற நினைக்கிறேன். அந்த நேரத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

வட்டுக்காவலன் மறுமொழி:

நன்றாகச் செய்திருக்கிறீர்கள். அந்தக் குழாய் வரைபடத்துக்காக மட்டுமே இந்த வேலை முழுவதையும் செய்திருந்தாலும் தகும்.

பொறுப்பு மாற்றத்தில் ஒரே விதி: எந்த நொடியிலும் எழுதக்கூடிய சர்வர் ஒன்றுக்கு மேல் இருக்கக் கூடாது. ஆகவே ஒன்றை மூடிய பிறகே மற்றதைத் திறக்க வேண்டும், இடையில் சில நிமிடங்கள் இரண்டும் மூடியிருந்தாலும் பரவாயில்லை. முதலில் கால் மணிப் பணியை நிறுத்துங்கள். நீங்கள் கையால் அனுப்பும் நேரத்தில் அதுவும் புறப்பட்டால் குழப்பம். பிறகு இப்போது சேவையில் உள்ள சர்வரில் பகிர்வை நிறுத்தி, டேட்டாசெட்டைப் படிக்க மட்டும் என்று மாற்றுங்கள். அதன் பிறகு எடுக்கும் ஸ்னாப்ஷாட்டே இறுதியானது. அதை அனுப்பி, இரு பக்கமும் ஜியுஐடி பொருந்துவதைக் கண்ணால் பார்த்த பின்னரே பழைய முதன்மையை எழுதக்கூடியதாக மாற்றி, சேவை முகவரியை நகர்த்துங்கள். கால் மணிக்கு ஒருமுறை ஏற்கெனவே போய்க்கொண்டிருப்பதால் இறுதி மாற்றம் மிகச் சிறியதாகவே இருக்கும்.

இரண்டு சர்வர்களின் முனையங்களும் உங்கள் திரையில் அருகருகே திறந்திருக்கும். அவற்றின் பின்னணி நிறத்தை வெவ்வேறாக மாற்றி வையுங்கள். ஒவ்வொரு கட்டளைக்கும் முன் சர்வர் பெயரை வாய்விட்டுப் படியுங்கள். இது மிகையாகத் தோன்றினால், 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் எனும் நிரல் சேமிப்புத் தளத்தில் நடந்ததை நினைத்துக்கொள்ளுங்கள்: காத்திருப்புத் தரவுத்தளத்தின் கோப்புறையை நீக்குவதாக எண்ணி ஒரு பொறியாளர் முதன்மையில் அந்தக் கட்டளையைக் கொடுத்துவிட்டார். ஏறத்தாழ ஆறு மணி நேரத் தரவு போயிற்று. அவர்கள் அதை மறைக்காமல் வெளியிட்டது நம் எல்லோருக்கும் பேருதவி.

பண்புகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கோட்டா (இட வரம்பு), பகிர்வு அமைப்பு, மவுண்ட் ஆகும் இடம் ஆகியவற்றில் ஒரு சர்வரில் நேரடியாக அமைத்தவை, பெறப்பட்ட மதிப்பை மீறி நிற்கும். இந்த ஆறு நாட்களில் யாருக்காவது காத்திருப்பில் கோட்டாவைக் கூட்டிக் கொடுத்திருந்தால், முதன்மையில் பழைய கோட்டாவே நிற்கக்கூடும். என்எஃப்எஸ் எனும் கோப்புப் பகிர்வு முறை வழியாக இணைந்திருப்பவர்கள் முகவரி மாறியதும் பழைய கோப்புப் பிடி செல்லாது என்ற பிழையைக் காணலாம். அவர்கள் ஒருமுறை அவிழ்த்து மறுபடி மவுண்ட் செய்ய வேண்டியிருக்கும். முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

நள்ளிரவுப்பணி மறுமொழி:

காப்புப்பிரதியையும் அன்றே முதன்மைக்குத் திருப்புங்கள். ரெஸ்டிக்கில் பழைய பிரதிகளைக் கழிக்கும் கட்டளை, சர்வர் பெயரும் பாதையும் கொண்டு பிரதிகளைக் குழுவாகப் பிரித்த பிறகே கெடுவைக் கணக்கிடும். காத்திருப்பின் பெயரில் எடுத்த பிரதிகள் தனிக் குழுவாக நின்றுவிடும். அவற்றுக்குப் புதியவை சேராததால் கழிப்பும் நடக்காது. சில மாதங்கள் வைத்திருந்து பின்னர் கையால் நீக்கலாம். அடுத்த முறைக்கு, எந்த இயந்திரத்தில் ஓடினாலும் ஒரே சர்வர் பெயரைக் கொடுக்கும்படி அமைத்துவிடுங்கள்.

வரைபடக்கிடங்கு மறுமொழி:

ஸ்கிரப் பிழை ஏதுமின்றி முடிந்தது. சனிக்கிழமை காலை 6.10 மணிக்குப் பகிர்வை நிறுத்தினேன், 6.19க்கு முதன்மை சேவைக்கு வந்தது. இறுதி ஸ்னாப்ஷாட்டில் சில மெகாபைட்டுகள் மட்டுமே இருந்தன. கோட்டா விஷயத்தில் எச்சரித்தது நல்லதாயிற்று: ஒரு குழுவுக்குக் கூட்டிக் கொடுத்திருந்ததை நானே மறந்திருந்தேன்.

கால் மணிப் பணியைப் பழைய திசையில் இயக்குவதற்கு முன் ஸ்கிரிப்ட்டைத் திருத்தினேன். இனி அது அனுப்புவதற்கு முன், சேவை முகவரி தன்னிடம் இருக்கிறதா என்றும், மறுபக்கத்தின் கடைசி ஸ்னாப்ஷாட்டின் ஜியுஐடி தன் பட்டியலில் இருக்கிறதா என்றும் பார்க்கும். இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் அனுப்பாமல் எனக்கு மின்னஞ்சல் கொடுத்துவிட்டு நின்றுவிடும். கட்டாயப்படுத்தும் குறியையும் எடுத்துவிட்டேன். காப்புப்பிரதி நேற்றிரவு முதன்மையிலிருந்து ஓடியது. அதிலிருந்து அந்தக் குழாய் வரைபடத்தை மட்டும் ஒரு தனிக் கோப்புறைக்கு மீட்டெடுத்துத் திறந்து பார்த்தேன். திருத்திய அளவு அதில் இருக்கிறது.

2.15 ஸ்னாப்ஷாட்டின் மீதான ஹோல்டை இன்னும் விடுவிக்கவில்லை. மாத இறுதி வரை இருக்கட்டும் என்று விட்டு வைத்திருக்கிறேன்.